மேட் சீசன் குழுவின் 'அபவ்' ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிர்வாணா, பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன், ஆலிஸ் இன் செயின்ஸ் என்று அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ராக் குழுக்களில் பெரிய பெயர்களையெல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒருநாள் யாராவது ஒருவர் "இதைக் கேட்டிருக்கிறாயா?" என்று இந்த ஆல்பத்தைக் கையில் திணிப்பார். எனக்கும் அப்படித்தான் வந்தது. அதற்குப் பிறகு நானும் பலர் கையில் திணித்துவிட்டேன். கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

முதலில், இது என்ன ஆல்பம்? யாருடையது?

மேட் சீசன் என்ற குழு வெளியிட்ட ஒரே ஸ்டுடியோ ஆல்பம் 'அபவ்'. 1995 மார்ச் 14 அன்று கொலம்பியா ரெக்கார்ட்ஸ் மூலம் வந்தது. பத்துப் பாட்டு, ஏறக்குறைய 55 நிமிடம். பாடியவர் ஆலிஸ் இன் செயின்ஸின் லேன் ஸ்டேலி. கிட்டார் பேர்ல் ஜாமின் மைக் மெக்கிரெடி. ட்ரம்ஸ் ஸ்க்ரீமிங் ட்ரீஸின் பாரெட் மார்ட்டின். பேஸ் ஜான் பேக்கர் சாண்டர்ஸ். நான்கு பேரில் இவர் மட்டும்தான் கிரஞ்ச் (சியாட்டிலில் கிளம்பிய கனமான ராக் பாணி) ஆள் கிடையாது, ப்ளூஸ் வாசித்து வளர்ந்தவர். இரண்டு பாட்டில் ஸ்க்ரீமிங் ட்ரீஸின் பாடகர் மார்க் லானகன் விருந்தாளியாக வந்து பாடியிருக்கிறார். எல்லாம் சியாட்டிலிலேயே, பேட் அனிமல்ஸ் ஸ்டுடியோவில் பதிவானது. குழுவோடு சேர்ந்து தயாரித்தவர் பிரெட் எலியாசன், பேர்ல் ஜாமின் ஒலிப் பொறியாளர்.

சூப்பர்குரூப் என்றால் நிறுவனம் சேர்த்து வைத்த நட்சத்திரக் கூட்டம்தானே?

மற்ற ஊர்களில் பல சமயம் அப்படித்தான். ஏற்கெனவே பெயர் வாங்கியவர்கள் நாலு பேர் சேர்ந்து வாசித்தால் சூப்பர்குரூப் என்று பெயர் வைத்துவிடுவார்கள். ஆனால் சியாட்டிலில் இந்த வார்த்தைக்குப் பின்னால் இரண்டு முறையும் ஒரு துக்கம் இருந்தது. 1990 மார்ச்சில் மதர் லவ் போன் குழுவின் பாடகர் ஆண்ட்ரூ வுட் ஹெராயினால் இறந்தபோது, அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்த சவுண்ட்கார்டனின் கிறிஸ் கார்னல் அந்த வலியில் எழுதிய பாட்டுகளிலிருந்துதான் டெம்பிள் ஆஃப் தி டாக் பிறந்தது. அந்த ஆல்பம் 1991-இல் வந்தது. அதிலும் கிட்டார் வாசித்தது இதே மெக்கிரெடிதான்.

அது இறந்துபோன ஒரு நண்பனுக்காகச் செய்த ஆல்பம். 'அபவ்' உயிரோடு இருக்கும் ஒரு நண்பனை எப்படியாவது பிடித்து நிறுத்திவிட முடியுமா என்ற தவிப்பில் செய்தது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு கேட்டால் ஆல்பம் வேறு மாதிரி கேட்கும்.

இந்தக் குழு எப்படி ஆரம்பித்தது?

1994-இல் பேர்ல் ஜாம் 'வைட்டாலஜி' ஆல்பத்துக்கான வேலையில் இருந்தபோது மெக்கிரெடி குடியிலும் போதையிலும் மிக மோசமாகிவிட்டார். மினியாபொலிஸில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். அங்கே சிகிச்சையில் இருந்த இன்னொருவர்தான் பேக்கர் சாண்டர்ஸ். இரண்டு பேருக்கும் ப்ளூஸ் பிடிக்கும், இரண்டு பேரும் ஒரே நோயிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார்கள், நட்பு ஒட்டிக்கொண்டது. வெளியே வந்ததும் சியாட்டிலில் பாரெட் மார்ட்டினைக் கூப்பிட்டு மூவருமாக வாசிக்கத் தொடங்கினார்கள். பின்னால் 'வேக் அப்', 'ரிவர் ஆஃப் டிசீட்' என்று ஆன பாட்டுகளின் இசை அந்த நாட்களிலேயே உருவாகிவிட்டது.

பாட ஆள் வேண்டும் என்றபோது மெக்கிரெடி கூப்பிட்டது லேன் ஸ்டேலியை. போதையை விட்டவர்கள் நடுவில் இருந்தால் அவரும் விட்டுவிடுவார் என்று நம்பினார்.

ஸ்டேலி அப்போது என்ன நிலையில் இருந்தார்?

வெளியிலிருந்து பார்த்தால் உச்சம். 1994 ஜனவரியில் வந்த ஆலிஸ் இன் செயின்ஸின் 'ஜார் ஆஃப் ஃப்ளைஸ்' அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. ஒரு ஈபி, அதாவது முழு ஆல்பத்தைவிடச் சின்ன வெளியீடு, அந்த இடத்தைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. உள்ளே எல்லாம் கலைந்துகொண்டிருந்தது. அந்தக் கோடையில் மெட்டாலிக்காவுடன் போக வேண்டிய சுற்றுப்பயணத்திலிருந்து ஆலிஸ் இன் செயின்ஸ் கடைசி நேரத்தில் விலகியது, காரணம் ஸ்டேலியின் ஹெராயின் பழக்கம். குழு சில மாதங்கள் பேச்சில்லாமல் பிரிந்து கிடந்தது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்திருந்தார், ஊரே அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை. அடுத்தது யார் என்ற பயம் எல்லோருக்கும் இருந்த நேரத்தில் மெக்கிரெடி ஸ்டேலியின் கதவைத் தட்டுகிறார்.

மேட் சீசன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

முதலில் பெயரே இல்லை. 1994 அக்டோபர் 12 அன்று சியாட்டிலில் க்ரோகடைல் கஃபே என்ற சின்ன இடத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் மேடையேறினார்கள். கொஞ்ச நாள் 'தி கேஸி பஞ்ச்' என்ற பெயரில் வாசித்தார்கள். ஜான் வேய்ன் கேஸி என்ற தொடர் கொலைகாரனின் பெயரையும் 'பிரேடி பஞ்ச்' என்ற பழைய குடும்பத் தொலைக்காட்சித் தொடரின் பெயரையும் கலந்து வைத்த பெயர் அது. மாற்றியது நல்லதாகப் போயிற்று.

மேட் சீசன் என்பது போதைக் காளான்கள் மண்ணில் நிறைய முளைக்கும் பருவத்துக்கு இங்கிலாந்தில் சொல்லும் பெயர். குடித்தும் போதையிலும் கழிந்த தன் வருடங்களை அந்தப் பெயர் நினைவூட்டியதாக மெக்கிரெடி சொல்லியிருக்கிறார். கடந்துவந்த ஒரு பருவத்தின் பெயராக அவர் அதை நினைத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் நான்கு பேரில் சிலருக்கு அது கடக்கவே இல்லை.

நிஜமாகவே ஒரே வாரத்தில் செய்தார்களா?

இசைப் பகுதி முழுவதும் ஏழு நாளில் முடிந்துவிட்டது, ஸ்டேலிக்குத் தன் குரல் பகுதிகளை முடிக்க அதற்கு மேல் சில நாட்களே ஆயின என்று மெக்கிரெடி சொல்லியிருக்கிறார். அதற்கு முன் அவர்கள் சேர்ந்து ஒத்திகை பார்த்தது இரண்டே தடவை, மேடையில் வாசித்தது நான்கு தடவை.

அவசரம் தெரிகிறதா என்றால், சில இடங்களில் தெரிகிறது, பாட்டை இன்னும் கொஞ்சம் செதுக்கியிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் இந்த ஆல்பத்துக்கு அந்த வேகம் நன்மையே செய்திருக்கிறது. ஒரு வருடம் உட்கார்ந்து மெருகேற்றியிருந்தால் ஸ்டேலி இவ்வளவு வெளிப்படையாகத் தன்னைப் பற்றிப் பாடியிருப்பாரா என்பது சந்தேகம்தான். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆலிஸ் இன் செயின்ஸில் ஜெர்ரி கான்ட்ரெல் பெரிய பாடலாசிரியர், பாட்டுகளில் பெரும்பங்கு அவருடையது. இங்கே மெக்கிரெடி ஸ்டேலியிடம் உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் செய், பாடகன் நீதான், வரிகள் முழுக்க உன்னுடையது என்று விட்டுவிட்டார். அறிவுரை சொல்லவில்லை, அவர் தலைக்கு மேல் நிற்கவில்லை. நண்பனுக்குக் கொடுக்கக்கூடிய மரியாதைகளில் இது பெரியது என்று நினைக்கிறேன். ஸ்டேலியும் அதற்கு ஈடாகத் தன் வாழ்க்கையையே எடுத்து வைத்தார்.

கிரஞ்ச் என்கிறீர்கள், ஆனால் பாதிப் பாட்டு அப்படி இல்லையே?

ஆமாம், சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆலிஸ் இன் செயின்ஸின் அந்தக் கனமான, தாழ்ந்த சுருதி கிட்டாரை எதிர்பார்த்து வந்தால் முதல் பாட்டிலேயே ஏமாற்றம் வரலாம். மெக்கிரெடியின் விரல்களில் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் ஸ்டீவி ரே வானும் இருக்கிறார்கள்; பேர்ல் ஜாமில் இன்னொரு கிட்டாருக்கு நடுவே வாசிக்கிறவர் இங்கே ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டு அது அடங்குவதுவரை காத்திருக்கிறார். மார்ட்டின் ட்ரம்ஸோடு நிற்கவில்லை, மரிம்பா, வைப்ரஃபோன், செல்லோ, டபுள் பேஸ் என்று வாசித்திருக்கிறார். மரிம்பா என்பது மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் கருவி. ராக் ஆல்பத்தில் அதன் சத்தம் வருவதே அபூர்வம், இங்கே அது பாட்டுக்கே ஓர் ஈரத்தைக் கொடுக்கிறது.

அப்புறம் குரல். ஆலிஸ் இன் செயின்ஸின் அடையாளமே ஸ்டேலியும் கான்ட்ரெலும் சேர்ந்து பாடும் அந்த இரட்டைக் குரல். இங்கே கான்ட்ரெல் இல்லை. பல இடங்களில் ஸ்டேலியின் குரலுக்கு மேல் ஸ்டேலியின் குரலே அடுக்காக வரும். தனியாக இருக்கிற ஒருவன் தனக்குத்தானே துணைக்குப் பாடிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

'ரிவர் ஆஃப் டிசீட்' எதைப் பற்றியது? அதில் வரும் தீர்க்கதரிசி யார்?

ஆல்பத்திலிருந்து பெரிதாக ஓடிய பாட்டு இதுதான், பில்போர்டின் மெயின்ஸ்ட்ரீம் ராக் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போயிற்று. மெல்லிய, தெளிவான கிட்டார், அவசரமில்லாத நடை, அதன்மேல் ஸ்டேலி ஏறக்குறையப் பேசுகிற மாதிரி பாடுவார்.

என் வலி நானே தேர்ந்தெடுத்தது, தீர்க்கதரிசி அப்படித்தான் சொல்கிறார் என்று பாட்டு தொடங்குகிறது. அந்தத் தீர்க்கதரிசி நம் வாசகர்களுக்கும் நன்றாகப் பழக்கமான கலீல் ஜிப்ரான் 1923-இல் எழுதிய புத்தகத்தின் நாயகன். பதிவு நாட்களில் ஸ்டேலி அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார், தன் இசையை ஓர் ஆன்மிகக் காரியமாக அவர் நினைத்தார் என்று மார்ட்டின் சொல்லியிருக்கிறார். ஜிப்ரான் வலி பற்றிய அத்தியாயத்தில் உங்கள் வலியில் பெரும்பகுதி நீங்களே தேர்ந்துகொண்டது என்கிறார். ஆனால் அவர் சொல்லும் அர்த்தம், உள்ளே இருக்கும் வைத்தியன் உன் நோயைக் குணப்படுத்தக் கொடுக்கும் கசப்பு மருந்து அது, நம்பிக் குடி என்பது. ஸ்டேலி அந்த முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு அப்படியே தன் கையில் இருக்கும் ஊசியைப் பார்க்கிறார். மருந்து என்று ஜிப்ரான் சொன்னது அவரிடம் வரும்போது வாக்குமூலமாகிவிடுகிறது.

அதன் பிறகு வரும் உருவகத்தை நான் எத்தனை தடவை கேட்டாலும் தாண்டிப் போக முடிவதில்லை. பொய்யின் ஆறு கீழே இழுக்கிறது, அதற்கு ஒரே திசைதான், கீழே. மூழ்கலாம், இல்லையென்றால் தன் தோலையே உரித்துப் போட்டுவிட்டுக் கரைக்கு நீந்தலாம். போதையை விடுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சரியான ஒரு படம் எனக்குக் கிடைத்ததில்லை. கெட்ட பழக்கத்தை விடு என்று வெளியிலிருந்து சொல்கிறவர்களுக்கு அது சட்டையைக் கழற்றுவது போலத் தெரிகிறது, அவனுக்கு அது தோல்.

'வேக் அப்'பில் யாரிடம் பேசுகிறார்?

தன்னிடமே. எழுந்திரு பையா, நேரமாகிவிட்டது, பத்து வருடமாக நீ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் இந்தக் காதலை விட்டாக வேண்டும் என்கிறார். அந்தக் காதலி போதைதான். கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும் தற்கொலை ஒரு முடிவாகாது என்றும் அதே பாட்டில் சொல்கிறார். ஏழரை நிமிடப் பாட்டு, ஆல்பத்தின் முதல் பாட்டும் இதுதான். வழக்கமாக ஒரு ராக் ஆல்பம் வேகமான பாட்டோடு தொடங்கும், இவர்கள் மெதுவாக ஊர்ந்து வந்து கடைசி இரண்டு நிமிடத்தில்தான் கிட்டாரை அவிழ்த்து விடுகிறார்கள்.

தன் நிலைமை என்ன என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது என்பதற்கு இந்தப் பாட்டு ஒன்று போதும். தெரிந்தால் மீண்டுவிடலாம் என்பது நம் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை. தெரிந்தும் மீள முடியாமல் போவதுதான் அந்த நோய்.

லானகன் பாடும் பாட்டுகள் எவை?

'ஐ'ம் அபவ்', 'லாங் கான் டே'. முதலாவது இருவரும் மாறி மாறிப் பாடும் கனமான ராக். இரண்டாவதுதான் பொக்கிஷம். டபுள் பேஸ், மரிம்பா, மெல்லிய தாளம், ஸ்கெரிக் வாசிக்கும் சாக்ஸபோன். நள்ளிரவுக்குப் பிறகு ஏதோ ஒரு ஜாஸ் விடுதியில் கடைசி மேசையில் இருவர் மட்டும் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு சூழல். ஸ்டேலியின் குரல் உயரத்தில் கூர்மையாக வெட்டும், லானகனுடையது அடித்தொண்டையிலிருந்து புகை மாதிரி வரும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடத்தில் யாருடைய வரி எது என்று பிரிக்கத் தோன்றாது.

இருவருமே அப்போது ஹெராயினுக்கு அடிமைகள். லானகன் பிற்காலத்தில் அதிலிருந்து வெளியே வந்து, நிறையத் தனி ஆல்பங்கள் செய்து, புத்தகங்கள் எழுதி, 2022 பிப்ரவரியில் அயர்லாந்தில் இறந்தார். அவருக்குக் கிடைத்த அந்த இருபது சொச்சம் வருடங்களை நினைத்துக்கொண்டு 'லாங் கான் டே' கேட்கும்போது மனசு ஒரு மாதிரி ஆகிவிடும்.

மற்ற பாட்டுகள்?

'எக்ஸ்-ரே மைண்ட்' ட்ரம்ஸுக்காகக் கேட்க வேண்டியது. 'லைஃப்லெஸ் டெட்', 'ஐ டோன்ட் நோ எனிதிங்' இரண்டும் ஆலிஸ் இன் செயின்ஸ் ரசிகர்களுக்கு உடனே பிடிக்கும் கனமான பாட்டுகள். இரண்டாவதில் ஒரே ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) அரைத்துக்கொண்டே இருக்கும், எனக்கு அது கொஞ்சம் நீளம். 'ஆர்ட்டிஃபிஷியல் ரெட்' நிதானமான ப்ளூஸ், சாண்டர்ஸின் வீடு இதுதான். 'நவம்பர் ஹோட்டல்' குரலே இல்லாத ஏழு நிமிடம், மெதுவாகத் தொடங்கிப் புயலாகி முடியும். அது ஓய்ந்த பிறகு வரும் கடைசிப் பாட்டு 'ஆல் அலோன்'. வார்த்தைகள் மிகக் குறைவு, நாம் எல்லோரும் தனியாகத்தான் இருக்கிறோம் என்ற ஒன்றையே திரும்பத் திரும்பப் பாடுகிறார். புலம்பலாக இருக்காது, தாலாட்டு மாதிரி இருக்கும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், தயவுசெய்து போகாதீர்கள்.

அட்டைப்படத்தில் இருப்பது யார்?

அந்தக் கறுப்பு வெள்ளை ஓவியத்தை வரைந்தவர் ஸ்டேலியே. அவரும் அவருடைய காதலியும் சேர்ந்திருந்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது. அந்தப் பெண் 1996 அக்டோபரில் இறந்துபோனார். அதன் பிறகு ஸ்டேலி வெளியே வருவது மிகவும் குறைந்துவிட்டது.

ஆல்பம் ஓடியதா?

ஓடியது. பில்போர்ட் 200 பட்டியலில் 24-ஆம் இடம். வெளியான சில மாதங்களிலேயே அமெரிக்காவில் கோல்ட் சான்றிதழ், அதாவது ஐந்து லட்சம் பிரதிகள். பேர்ல் ஜாமின் கணக்கில் இது சின்ன எண்ணிக்கைதான், ஆனால் சுற்றுப்பயணமே போகாத ஒரு குழுவுக்கு இது அதிகம்.

மேடையில் வாசித்த பதிவு ஏதாவது உண்டா?

1995 ஜனவரி 8 அன்று பேர்ல் ஜாம் சியாட்டிலிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஒரு நீண்ட வானொலி நிகழ்ச்சி நடத்தியது. எந்த நிலையம் வேண்டுமானாலும் இலவசமாக ஒலிபரப்பலாம் என்று விட்டார்கள். அதில் மேட் சீசன் இரண்டு பாட்டு வாசித்தது. ஆல்பம் அப்போது கடைக்கே வரவில்லை.

முக்கியமானது அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்று சியாட்டில் மூர் தியேட்டரில் நடந்த கச்சேரி. அது முழுதாகப் படமாக்கப்பட்டு அந்த ஆகஸ்ட்டில் வீடியோவாக வந்தது. மூர் தியேட்டரில் ஆலிஸ் இன் செயின்ஸ் 1990 டிசம்பரில் வாசித்ததும் வீடியோவாக இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அதே மேடை, நாலு வருடத்துக்குச் சற்று மேல் இடைவெளி. முதலாவதில் ஓடியாடுகிற இளைஞன், இரண்டாவதில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதிகம் அசையாமல் நிற்கிறார். குரல் மட்டும் குறையவே இல்லை, கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

ஏன் இரண்டாவது ஆல்பம் வரவில்லை?

முயன்றார்கள். 1990-களின் நடுவிலேயே புதிய பாட்டுகளுக்கான இசையைப் பதிவு செய்து வைத்தார்கள். ஸ்டேலிக்கு விருப்பமில்லை, உடல்நிலையும் இடம் கொடுக்கவில்லை. லானகனைப் பாட வைத்து 'டிஸ்இன்ஃபர்மேஷன்' என்று புதுப்பெயரில் தொடரலாம் என்று ஒரு யோசனை இருந்தது, அதுவும் நடக்கவில்லை. 1999 ஜனவரி 15 அன்று பேக்கர் சாண்டர்ஸ் ஹெராயின் அளவு மீறி இறந்தார். எந்த மனிதரை மறுவாழ்வு மையத்தில் சந்தித்ததால் இந்தக் குழுவே உருவானதோ அவர் முதலில் போனார். ஸ்டேலி 2002 ஏப்ரலில் தன் வீட்டில் இறந்து கிடந்தது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிய வந்தது. இறந்த நாள் ஏப்ரல் 5 என்று கணித்தார்கள், கோபேனுக்கும் அதே தேதி. வயது 34.

அப்படியானால் மெக்கிரெடியின் முயற்சி தோல்விதானே?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள், கோபமாகக்கூட. தன்னால் அவருக்கு உதவ முடியும் என்று தவறாக நினைத்துவிட்டேன், நானே முன்மாதிரியாக இருந்து காட்ட விரும்பினேன் என்று மெக்கிரெடியே பின்னாளில் சொன்னார். உயிரைக் காப்பாற்றுவது என்ற கணக்கில் பார்த்தால் அது பலிக்கவில்லை, அதை மூடி மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் குடியிலோ போதையிலோ சிக்கிய ஒருவரை வீட்டில் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், நண்பனின் அன்பு, குடும்பத்தின் கண்ணீர், வேலை, புகழ், எதுவும் தனியாக அந்தக் கட்டை அவிழ்ப்பதில்லை. அதனால் கூப்பிட்டிருக்கவே கூடாது என்று சொல்ல முடியுமா? ஆலிஸ் இன் செயின்ஸ் முடங்கிக் கிடந்த அந்த மாதங்களில் ஸ்டேலிக்குப் போக ஓர் இடமும், தன் மனதில் இருப்பதை யாரும் திருத்தாமல் சொல்ல ஒரு வாய்ப்பும் கிடைத்தது. மெக்கிரெடியும் உடனே நேராகிவிடவில்லை. பிறகு மீண்டு வந்தவர், இன்றும் பேர்ல் ஜாமில் வாசிக்கிறார், தன் பழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார்.

இந்தப் பாட்டுகள் போதையை அழகாக்கிக் காட்டவில்லையா?

இசை அழகாக இருக்கிறது, அதனால் இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். வரிகளைக் கவனித்தால் ஒரு இடத்தில்கூட போதையின் சுகம் வராது. வெட்கம், பொய், களைப்பு, தனிமை இவைதான் வரும். என்னைக் கவலைப்படுத்துவது சில ரசிகர்கள் ஸ்டேலியின் சாவையே அவருடைய கலையின் பாகமாகப் பேசுவதுதான். ஹெராயின் இல்லாவிட்டால் இந்தக் குரல் இப்படி வந்திருக்குமா என்பார்கள். ஹெராயின் இல்லாவிட்டால் அவர் இன்னும் இருபது ஆல்பம் பாடியிருப்பார். 1996-க்குப் பிறகு அவர் பாடியது ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிடும், அது போதை கொடுத்ததல்ல, எடுத்தது.

எந்தப் பதிப்பைக் கேட்பது?

முதலில் பழைய பத்துப் பாட்டை மட்டும் வரிசை மாற்றாமல் கேளுங்கள். பிடித்துப்போனால் 2013 ஏப்ரலில் வந்த விரிவான பதிப்புக்குப் போகலாம். பாதியில் நின்ற இரண்டாவது ஆல்பத்தின் இசைக்கு லானகன் அத்தனை வருடம் கழித்துப் புதிதாக வரிகள் எழுதிப் பாடிய மூன்று பாட்டுகள் அதில் இருக்கின்றன: 'லோகோமோட்டிவ்', 'பிளாக் புக் ஆஃப் ஃபியர்', 'ஸ்லிப் அவே'. நடுவில் இருப்பது ஆர்.இ.எம். குழுவின் பீட்டர் பக்கோடு சேர்ந்து எழுதியது. ஜான் லெனன் நினைவு ஆல்பத்துக்காக மேட் சீசன் வாசித்த 'ஐ டோன்ட் வான்ட் டு பி எ சோல்ஜர்' பாட்டும், மூர் தியேட்டர் கச்சேரியும் அதிலேயே உண்டு.

2015-இல் ஆர்கெஸ்ட்ராவோடு ஒன்று வந்ததே?

ஆமாம். 2015 ஜனவரி 30 அன்று சியாட்டில் பெனரோயா அரங்கில் சியாட்டில் சிம்ஃபனியோடு மெக்கிரெடியும் மார்ட்டினும் இந்தப் பாட்டுகளை வாசித்தார்கள். ஸ்டேலியின் இடத்தில் கிறிஸ் கார்னல் பாடினார், சாண்டர்ஸின் இடத்தில் கன்ஸ் அன் ரோசஸின் டஃப் மெக்கேகன். ஆண்ட்ரூ வுட்டுக்காக டெம்பிள் ஆஃப் தி டாக் உருவாக்கியவர் இருபத்தைந்து வருடம் கழித்து ஸ்டேலியின் வரிகளைப் பாடுகிறார், பக்கத்தில் அதே மெக்கிரெடி. கார்னல் 2017 மே மாதம் இறந்த பிறகு என்னால் அந்தப் பதிவை ஒரே மூச்சில் கேட்க முடிந்ததில்லை.

மனசு சரியில்லாத நேரத்தில் இதைக் கேட்கலாமா?

ஆளைப் பொறுத்தது. எனக்கு ஆறுதலாக இருக்கும், நமக்குள் ஓடுவதை இன்னொருவர் சரியான வார்த்தையில் சொல்லிவிட்ட நிம்மதி. ஆனால் நீங்களோ உங்களோடு இருப்பவரோ நிஜமாகவே போதையோடு போராடிக்கொண்டிருந்தால் பாட்டை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். ஆல்பம் எங்கேயும் போகாது.

பேக்கர் சாண்டர்ஸ் பற்றி ஏன் யாருமே பேசுவதில்லை?

மற்ற மூவருக்கும் பெரிய குழுக்கள் இருந்தன, அந்தக் குழுக்களின் ரசிகர்கள் அவர்களுக்காகப் பேசுகிறார்கள். சாண்டர்ஸ் பார்களிலும் சின்ன மேடைகளிலும் ப்ளூஸ் வாசித்தவர், மேட் சீசனுக்குப் பிறகு தி வாக்அபவுட்ஸ் குழுவில் கொஞ்ச காலம் இருந்தார். நாற்பது வயதில்தான் ஒரு பெரிய ஆல்பத்தில் அவருடைய பெயர் வந்தது, 44 வயதில் போய்விட்டார். மற்றவர்களைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர், அந்த நிதானம் வாசிப்பில் இருக்கிறது. எங்கேயும் முண்டியடித்து முன்னால் வரமாட்டார், ஆனால் அவர் ஸ்வரத்தை விட்டுவைக்கிற இடைவெளியில்தான் மற்ற மூவரும் மூச்சு விடுகிறார்கள். நம்ப முடியாவிட்டால் 'வேக் அப்'பைத் திரும்பப் போடுங்கள், நல்ல ஹெட்ஃபோனில். ஸ்டேலி வாய் திறப்பதற்கு முன்னால், மெல்ல நடந்துவரும் அந்த பேஸ் அவருடையது.